மனை வாங்கும் முன் ஒரு வருடம் பாருங்கள்

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அதை அன்புடன் மறுத்த அவர்கள், கடைத்தெரு எங்கே என்றுதான் விசாரித்தார்கள். பனூ கைனுகா சந்தைக்குப் போய் நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்றுச் சிறுகச் சிறுக முன்னேறினார்கள்.

நம் ஊர்களில் நிலைமை வேறு. வளைகுடாவில் பல வருடம் உழைத்துச் சேர்த்த பணம், ஒரு மாத விடுமுறையில் மனையாக மாறிவிடுகிறது. புரோக்கர் காட்டிய அன்றே அட்வான்ஸ் கைமாறுகிறது. சிக்கல் பிறகுதான் ஜமாஅத்திற்கு வருகிறது.

கண்ணால் கற்பவை

வாங்க நினைக்கும் பகுதியை ஒரு வருடமாவது கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது தெரியும். கோடையில் போய்க் கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள். விற்பவர் சொல்லும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் கைமாறிய விலைகளை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 30 லட்சம் விலையுள்ள கடைக்கு மாதம் 10,000 வாடகை வந்தால் வருடத்திற்கு 4 சதவீதம்தான். வரியும் பராமரிப்பும் போக எஞ்சுவது அதைவிடக் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவரைப் பேச்சால் மயக்க முடியாது.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை

மூலப்பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றில் சர்வே எண்ணும் அளவும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். மனைப்பிரிவுக்கு டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகாரம் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவுகள் 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பவர் பத்திரத்தை வைத்து ஒருவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பொதுவாக, அவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்துவிடும்.

வில்லங்கத்தில் தெரியாத வில்லங்கம்

இதுதான் மிக முக்கியமானது. வில்லங்கச் சான்றிதழ் பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். தந்தை மவ்த்தானவுடனேயே மகள்களுக்கும் அந்தச் சொத்தில் பங்கு உண்டாகிவிடுகிறது; அதற்குப் பதிவு எதுவும் நடப்பதில்லை. ஆகவே சகோதரர்கள் மட்டும் சேர்ந்து விற்கும்போது சான்றிதழ் சுத்தமாகவே இருக்கும். ஆனால் திருமணமாகி வெளியூரில் இருக்கும் சகோதரியின் ஹக்கு அந்த மண்ணில் அப்படியே இருக்கும். வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். பெண் வாரிசுகள் கையொப்பமிட்டிருக்கிறார்களா, அல்லது பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் மனமுவந்துதான் கொடுத்தார்களா என்றும் வீட்டுப் பெண்கள் மூலம் விசாரியுங்கள். அநியாயமாக எடுத்த ஒரு சாண் நிலம் மறுமையில் ஏழு பூமிகளாகக் கழுத்தில் மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

அதேபோல், அந்த நிலம் வக்ஃபுக்குச் சொந்தமானதா என்று ஊர்ப் பெரியவர்களிடமும் வக்ஃபு வாரியத்திலும் கேளுங்கள். எத்தனை கை மாறியிருந்தாலும் வக்ஃபு வக்ஃபுதான்.

வாங்கிய பின்

விற்று லாபம் பார்க்கும் எண்ணத்தில் வாங்கிய மனை வியாபாரப் பொருள். பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி, ஒவ்வொரு சந்திர ஆண்டும் அதன் அன்றைய சந்தை மதிப்பில் 2.5 சதவீதம் ஜகாத் உண்டு. குடியிருக்கவோ வாடகைக்கு விடவோ வாங்கியதற்கு அதன் மதிப்பின் மீது ஜகாத் இல்லை; சேரும் வாடகைப் பணம் நிஸாபை அடைந்து ஒரு வருடம் பூர்த்தியானால் அதற்கு உண்டு. இந்த ஜகாத்தையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டிக் கடனில் வாங்கினால் லாபத்தில் பரக்கத் இருக்காது.

பொறுத்திருந்ததால் ஒரு மனை கைநழுவிப் போகலாம். அவசரப்பட்டு வாங்கியதால் ஒரு சகோதரியின் கண்ணீர் நம் வீட்டு அஸ்திவாரத்தில் கலந்துவிடக் கூடாது. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான, பரக்கத்தான சொத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.