பித்தளைக் கூட்டின் அடியில்

எங்க வில்லாபுரத்துப் பக்கம் ஊமைக்குசும்பு பண்ணி காரியம் சாதிக்கிற ஆளை "அவன் சரியான எம்டன்டா" என்பார்கள். சொல்பவர்களில் பலருக்கு எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் என்பது தெரியாது. 1914 செப்டம்பர் 22 இரவு அது மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயிர்கள் போயின. ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள்.

அந்தக் குண்டு ஒன்றின் உடைந்த துண்டு செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய தோட்டாக் கூடுகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் உள்ள எனக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்ல, ஒரு தோட்டா எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

அடியில் சின்னதாக ஒரு கேப். அதை ஊசி தட்டினால் பொறி பறக்கும். கூட்டுக்குள் இருக்கும் மருந்து எரிந்து, முனையிலுள்ள குண்டைத் தள்ளும். கூடு பெரும்பாலும் பித்தளை. நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வெடிக்கும் நொடியில் அது விரிந்து குழலோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கும். மறுநொடி கொஞ்சம் சுருங்கும், அதனால் வெளியே எடுக்க முடிகிறது. குண்டு எதிரிக்குப் போகும். கூடு சுட்டவன் காலடியிலேயே விழும்.

சேகரிப்பவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது கூட்டின் அடிப்பாகத்தைத்தான். சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால் அது ஒரு லாக். முதல் உலகப் போரின் ஜெர்மன் பீரங்கிக் கூட்டில் தொழிற்சாலையின் பெயர், மாதம், வருடம் எல்லாம் அடித்திருக்கும். 'கார்ல்ஸ்ரூ' என்ற ஊர்ப் பெயரை அடிக்கடி பார்க்கலாம். பிரிட்டிஷ் 18 பவுண்டர் கூட்டில் '18' என்ற எண்ணே இருக்கும்.

நம்மூரில் அதிகம் கண்ணில் படக்கூடியது .303 ரைஃபிள் கூடு. சுமார் 56 மில்லிமீட்டர் நீளம், அடியில் துருத்தி நிற்கும் விளிம்பு. இங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் நான் பார்த்ததில் 'கே.எஃப்.', '42', ரோமன் எண்ணில் ஏழு என்று இருந்தது. புனே அருகே கிர்க்கி தொழிற்சாலை, 1942ஆம் வருடம், ஏழாம் மாடல் தோட்டா. வில்லாபுரத்தைத் தாண்டிப் போனால் வரும் விமான நிலையமும் 1942இல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய இடம். உடனே ஒரு கதை கட்டத் தோன்றும். கட்டக்கூடாது. .303 துப்பாக்கி சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நம் போலீஸ் கையில் இருந்தது. முத்திரை அந்தக் கூடு பிறந்த இடத்தைத்தான் சொல்லும். யார் கையில் இருந்து, யாரை நோக்கிச் சுட்டது என்று சொல்லாது.

கேப்பில் ஊசித் தடம் இல்லையென்றால் அது இன்னும் உயிரோடு இருக்கலாம். தொடாமல் போலீஸிடம் சொல்வதே சரி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் வரையறைக்குள் வைத்திருக்கிறது, வீட்டில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தச் சிக்கல். மெட்ராஸில் விழுந்த குண்டுகளின் கூடுகள் மெட்ராஸில் விழவில்லை. அவை கப்பலின் தளத்தில் உருண்டிருக்கும். ஏழு வாரம் கழித்து, நவம்பர் 9 அன்று, ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் சுட்டதில் எம்டன் கோகோஸ் தீவுகளில் தரைதட்டி நின்றது. அதன் மிச்சங்கள் நினைவுப் பொருட்களாகப் பல ஊர்களுக்குப் போயின. ஆக, பெயரும் தேதியும் உள்ள பாதி சுட்டவர்களோடு போய்விட்டது. நமக்குக் கிடைத்தது உடைந்த இரும்பு. அதை யாராவது கையில் கொடுத்தால் எந்தப் போர், எந்த நாடு என்று முத்திரையை வைத்துச் சொல்ல வழியில்லை. பக்கத்தில் வைத்திருக்கும் சீட்டு சொன்னால்தான் உண்டு.

பளபளவென்று அழகாக, ஆதாரத்தோடு இருப்பதால் கூடுகளைத் தேடுகிறோம். அப்படிச் சேரும் அலமாரியில் சுட்டவர்களின் வரலாறு மட்டுமே வரிசையாக நிற்கும். ஆகவே ஒரு பழைய கூடோ துண்டோ கண்ணில் பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார், அவர் என்ன சொன்னார் என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். தொழிற்சாலை அடித்த முத்திரை நூறு வருடம் தாங்கும். விழுந்த இடத்தின் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.