வெட்டின குழலுக்கு என்ன விலை?

ஓட்டோவுக்குக் காசைக் கொட்டி சவுண்ட் செற், புது சீற், கலர் லைற் எண்டு பூட்டினவர், விக்கேக்க அதையும் விலையில கூட்டித்தான் சொல்லுவார். வாங்க வந்தவர் அந்தக் கணக்கை எடுக்கவே மாட்டார். அது உங்கட ஆசை, அதுக்கு நானேன் காசு தரவேணும் எண்டுறது அவரின்ர பக்கம். பழைய பொருள் விற்கிற எல்லா இடத்திலும் இந்த இழுபறி இருக்கிறது. அமெரிக்காவின் பழைய கைத்துப்பாக்கிச் சந்தையில் அது ஒரு வரலாற்றுக் கேள்வியாகவும் ஆகிறது. ஆர் செய்த மாற்றத்துக்குக் காசு, ஆர் செய்ததுக்கு இல்லை?

அமெரிக்க இராணுவம் 1873இல் கோல்ட் நிறுவனத்தின் ‘சிங்கிள் அக்ஷன் ஆர்மி’ என்ற ஆறு குண்டுச் சுழல்துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. குதிரைப்படைக்கு வந்தவற்றின் குழல் 7½ அங்குலம். 1891 வரை ஏறத்தாழ 37,000 துப்பாக்கிகளை இராணுவம் வாங்கியது. முக்கியமான பாகங்களில் தொடரிலக்கம் இருக்கும். பரிசோதகரின் முத்திரையும் இருக்கும். 1892இல் இராணுவம் சிறிய .38 குண்டு போடுகிற புதுத் துப்பாக்கிக்கு மாற, பழையவை களஞ்சியத்துக்குத் திரும்பின.

1895 முதல் இராணுவமே அந்தப் பழைய துப்பாக்கிகளில் கைவைத்தது. குழலை 5½ அங்குலமாக வெட்டினார்கள். கழற்றித் திருத்தித் திரும்பப் பூட்டும்போது இலக்கம் பொருந்துதா எண்டு ஆரும் பார்க்கேல்லை. ஒன்றின் குழல் இன்னொன்றின் உடலுக்குப் போனது. பிலிப்பைன்ஸ் போரில் .38 குண்டு போதாது என்று படையினர் முறைப்பட்டபோது, இந்தப் பழைய .45 துப்பாக்கிகள்தான் திரும்பக் கொடுக்கப்பட்டன. சேகரிப்பாளர்கள் இவற்றை ‘ஆர்ட்டிலறி மொடல்’ என்கிறார்கள்.

சந்தையின் வழமையான விதிப்படி குழல் வெட்டுப்பட்டு, இலக்கமும் கலந்துபோன துப்பாக்கிக்குப் பெரிய விலை வரக்கூடாது. ஆனா இதுக்கு நல்ல விலை இருக்கு, ஏனெண்டா வெட்டினது அரசாங்கம். அதே ஆண்டில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் தன்ர துப்பாக்கியில அதே இரண்டு அங்குலத்தை வெட்டியிருந்தா, அதைச் சேதம் எண்டுதான் எழுதுவினம்.

வெட்டுப்படாமல் தப்பிய குதிரைப்படைத் துப்பாக்கிக்கு விலை இன்னும் அதிகம். அதிலும் பரிசோதகர் ஐன்ஸ்வேர்த்தின் முத்திரை இருந்தால் தனி மதிப்பு. அவர் பரிசோதித்தவற்றில் ஒரு பகுதி 7ஆவது குதிரைப்படைக்குப் போனது. 1876 ஜூனில் லிற்றில் பிக்ஹோர்னில் கஸ்ரரோடு அழிந்தது அந்தப் படையின் ஆட்கள்தான். போரில் வென்றவர்கள் லகோட்டா, ஷையென், அரப்பாஹோ மக்கள். செத்த படையினரின் துப்பாக்கிகளை எடுத்துப் போனவர்களும் அவர்கள்தான். ஆனால் எந்தத் துவக்கு எந்தக் கைக்குப் போனது என்று எழுதிவைக்க அவர்களிடம் இராணுவப் பேரேடு இருக்கவில்லை. கூடுதல் விலையைத் தருவது தோற்ற பக்கத்தின் முத்திரை.

சரி, மாற்றம் செய்த பழைய துப்பாக்கிக்கு நியாயமான விலையை எப்படிப் போடுகிறார்கள்? முதலில் மாற்றத்துக்குச் செலவழித்த காசை மறந்துவிட வேண்டும். அதே மொடல், மாற்றமில்லாதது, அதே தேய்மானத்தோடு கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று பார்க்க வேண்டும். விற்பவர் கேட்ட விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்ற விலையை எடுக்க வேண்டும். அடுத்தது, மாற்றத்தைத் திருப்பலாமா எண்ட கேள்வி. பழைய கைபிடி பெட்டிக்குள்ள இருந்தா பெரிய நட்டமில்லை. வெட்டின குழல் வளராது. மினுக்கித் திரும்பப் பூச்சுப் போட்டால் பழைய எழுத்துகளின் கூர் போய்விடும், விலையும் விழும்.

செதுக்கு வேலையிலும் இதே கதைதான். கூனோ ஹெல்ஃப்ரிக்ற் 1871 முதல் 1921 வரை கோல்ட்டின் தலைமைச் செதுக்குநராக இருந்தார். அவர் காலத்தில் தொழிற்சாலையிலேயே செதுக்கியது என்று கோல்ட்டின் ஆவணக் கடிதம் உறுதிப்படுத்தினால் விலை பல மடங்கு. பிறகு வெளியில் செதுக்கியது எவ்வளவு வடிவாக இருந்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். சட்டத்துக்கும் விலையில் பங்கிருக்கிறது. 1898இலோ அதற்கு முன்னரோ செய்த துப்பாக்கி, 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி தொல்பொருள். அதனால் கைமாற்றுவது சுலபம். யானைத் தந்தக் கைபிடி பூட்டியிருந்தால் 2016இல் வந்த தந்த வணிகத் தடையையும் பார்க்க வேண்டும்.

2021 ஓகஸ்டில் பொன்ஹாம்ஸ் ஏலத்தில் ஒரு கோல்ட் 60 இலட்சம் டொலருக்கு மேல் போனது. அலங்காரம் ஒண்டும் இல்லாத சாதாரண துவக்கு. 1880இல் சரணடைந்த பில்லி வில்சன் என்பவரிடமிருந்து ஷெரிப் பற் கரெற்றுக்குக் கிடைத்தது. 1881 ஜூலை 14 இரவு கரெற் இதனால்தான் ‘பில்லி த கிட்’டைச் சுட்டார். கரெற் 1908இல் கொல்லப்பட்டபோது இது எல் பாசோவில் ஒரு மதுக்கடையில் காட்சிக்கு இருந்தது. 1930களில் அவருடைய மனைவி வழக்குப் போட்டே அதை மீட்டார். அந்த வழக்கின் பதிவுகளும் பிறகு துப்பாக்கியின் அடையாளத்துக்குச் சாட்சியாகின. ஒரு விதவையின் அலைச்சல் பிறகு வந்த சேகரிப்பாளர்களுக்கு விலையாக மாறியது.

எங்களுக்கு இதில் உறுத்துவது இதுதான். இந்தச் சந்தை ‘அசல்’ எண்டு சொல்லுறது பொருளின் நிலையை மட்டும் இல்லை. இராணுவம், தொழிற்சாலை, நீதிமன்றம் எழுதினதையும்தான். மற்றக் கைகள் செய்ததெல்லாம் சேதத்துக்குள்ள போயிடுது. சந்தையை நாங்கள் மாத்தேலாது. ஆனா எங்கட வீடுகளில இருக்கிற பழைய தையல் மெசின், கமரா, சைக்கிள் எல்லாத்திலயும் ஆரோ ஒருத்தர் தேவைக்கு ஏதோ மாத்தியிருப்பார். கழட்டின பாகத்தை எறியாமல் வைச்சு, ஆர், எப்ப, ஏன் மாத்தினது எண்டு ஒரு துண்டில எழுதிவைப்பம். விலை வராட்டியும், அது சேதமில்லை எண்டு சொல்ல ஒரு சாட்சி இருக்கும்.