பன்னிரண்டு விலங்குகளும் நம் ஊர்க் கொடிகளும்

சீனர்களின் ஆண்டுக் கணக்கில் பன்னிரண்டு விலங்குகள் உண்டு. எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. ஆண்டுக்கு ஒன்றாக வரும். பன்னிரண்டும் முடிந்ததும் மறுபடி எலியில் தொடங்கும். இந்தப் பன்னிரண்டுக்கும் தனித்தனியாகச் சின்னமும் கொடியும் வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரிகையைக் கையில் எடுக்கும் முன் காரைக்கால் பக்கம் ஒரு சுற்று சுற்றி, நம் பழைய கதைகளையும் கொஞ்சம் நினைவுபடுத்திக் கொண்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும்!

எப்படி? எலிக்குப் பிள்ளையாரின் மூஷிகக் கொடி இருக்கிறது. எருதுக்குச் சிவன் கோயில் ரிஷபக் கொடி. புலிக்குச் சோழர் கொடி. பாம்புக்கு துரியோதனனின் அரவக் கொடி. குரங்குக்கு அர்ச்சுனனின் தேர்க்கொடி. சேவலுக்கு முருகன். பன்றிக்குச் சாளுக்கியரின் வராகக் கொடி. டிராகனுக்கு நேர் விலங்கு நம்மிடம் இல்லை. ஆனால் மீனும் முதலையும் கலந்தது போன்ற மகரம் இருக்கிறது, அது மன்மதனின் கொடி. ஆக எட்டு. குதிரை ஐயனாருக்கும், ஆடு அக்கினிக்கும், நாய் வைரவருக்கும் வாகனங்கள். மிச்சம் முயல் மட்டும்தான். அது பாவம், நிலாவுக்குள் கறையாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேலே உள்ள பட்டியலில் ஒவ்வொரு விலங்குக்குப் பக்கத்திலும் ஒரு பெயர் வந்துவிட்டது. இன்னாருடைய கொடி என்று சொல்லாமல் நம் ஊர்க் கொடியைச் சொல்லவே முடியவில்லை. சீன விலங்குகளுக்கு அப்படி யாரும் உரியவர் கிடையாது. அவை ஆண்டுகளுக்கு உரியவை. ஒரு விலங்கு வெறும் படமாக இருப்பதற்கும் சின்னமாக மாறுவதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

காசாக்குடியில் கிடைத்த எருது

காரைக்காலை அடுத்த காசாக்குடியில் 1879இல் பதினொரு செப்பேடுகள் கிடைத்தன. பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் தன் 22ஆம் ஆட்சியாண்டில், அதாவது 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஓர் ஊரைத் தானமாகக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. ஏடுகளைக் கோத்த வளையத்தில் ஒரு முத்திரை. அந்த முத்திரையில் எருது, அதற்கு மேலே லிங்கம். தமிழ்நாட்டுக் கல்வெட்டு ஆய்வில் 'காசாக்குடிச் செப்பேடுகள்' மிகவும் பெயர் பெற்றவை.

அந்த எருது அழகுக்காக அங்கே உட்காரவில்லை. அது இருந்தால்தான் ஏடு செல்லும். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனும் எருதைப் பார்த்து, இது காஞ்சி அரசனின் ஆணை என்று தெரிந்துகொள்வான். வரிக்கு வரும் அதிகாரியிடம் அதைக் காட்டி, இந்த நிலத்தில் உனக்கு வேலையில்லை என்று சொல்லவும் முடியும். இன்றைக்கு ரப்பர் ஸ்டாம்பு செய்கிற வேலையை அன்று எருது செய்தது.

சோழர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். அவர்களுடைய செப்பேட்டு முத்திரைகளில் புலி அமர்ந்திருக்கும். பக்கத்தில் பாண்டியரின் இரட்டை மீன், அதோடு சேரரின் வில். எல்லாவற்றுக்கும் மேலே சோழரின் குடை. தோற்றவர்களின் சின்னத்தை அழிக்காமல், தன் குடைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தும் முறை இது. மூன்று நாட்டு அரசியலை ஒரு வட்டத்துக்குள் அடக்கிய இந்த வடிவமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு எழுத்து கூடத் தெரிய வேண்டியதில்லை.

பன்றியின் கதை இன்னும் சுவையானது. திருமாலின் வராக அவதாரத்தைச் சாளுக்கியர்கள் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். பிறகு விஜயநகரமும் அதே பன்றியை எடுத்துக்கொண்டது. பன்றி முத்திரை கொண்ட பொற்காசுக்கு 'வராகன்' என்று பெயர் வந்தது. போகப் போகக் காசிலிருந்து பன்றி மறைந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் பணத்தை வராகனிலும் கணக்கிடுகிறார். அந்தக் காலத்தில் எண்ணிக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பன்றியின் நினைவே வந்திருக்காது.

சீனாவில் என்ன நடந்தது?

சீனாவில் இந்த விலங்குகள் முதலில் வேறொரு வேலைக்கு வந்தன. 1975இல் ஹூபெய் மாநிலத்தின் ஷுய்ஹுதி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 217இல் அடக்கம் செய்யப்பட்ட ஓர் அரசு அலுவலரின் கல்லறை அது. உள்ளே கட்டுக்கட்டாக மூங்கில் சுவடிகள். அவற்றில் நாள் பார்க்கும் நூல் ஒன்றும் இருந்தது. அதில் ஒரு பகுதி திருடனைக் கண்டுபிடிப்பதற்கானது! எலிக்கு உரிய நாளில் திருட்டு நடந்தால், திருடனுக்குக் கூரான வாயும் அடர்த்தியில்லாத மீசையும் இருக்கும் என்கிறது அந்தச் சுவடி. இன்று குதிரை இருக்கும் இடத்தில் அந்தப் பட்டியலில் மான் இருக்கிறது. அதாவது, அப்போது பட்டியலே முடிவாகவில்லை. இன்று வழங்கும் பன்னிரண்டும் கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சுங் எழுதிய நூலில் காணப்படுகின்றன.

நாள், மணி, ஆண்டு என்று காலத்தை எண்ணவே இந்த விலங்குகள் பயன்பட்டன. பேரரசரின் சின்னமாக டிராகன் உயர்ந்தது உண்மைதான். ஆனால் அதுவும் பன்னிரண்டில் ஒன்று என்பதால் உயரவில்லை. அரசருக்கு உரியதாக ஆனதால் உயர்ந்தது.

இரண்டு கணக்குகளும் கடலில் சந்தித்துக்கொண்ட காலமும் உண்டு. சோழர்களின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனாவின் சுங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தன. சீனக் கணக்கில் இவை முறையே முயல், சேவல், பாம்பு ஆண்டுகள். புலிக்கொடி அரசனின் ஆட்கள் முயல் ஆண்டில் போய் இறங்கினார்கள்! காரைக்காலுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள நாகப்பட்டினத்தில் சீன வணிகர்களின் நடமாட்டம் இருந்தது. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், சீன எழுத்துப் பொறித்த ஒரு செங்கல் கோபுரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அது 1267இல் கட்டி முடிக்கப்பட்டதாம். அவர் சொல்வது நாகப்பட்டினத்தைத்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 1267ம் ஒரு முயல் ஆண்டுதான்.

பன்னிரண்டு விலங்குகளுக்கும் ஒருசேரப் பெரிய அளவில் உருவம் கொடுத்த முயற்சிகளில் பெயர் பெற்றது 18ஆம் நூற்றாண்டில் நடந்தது. பீக்கிங்கின் பழைய கோடை அரண்மனையில் பேரரசர் சியென்லுங் ஒரு நீரூற்றுக் கடிகாரம் அமைத்தார். மனித உடலும் வெண்கல விலங்குத் தலையுமாகப் பன்னிரண்டு சிலைகள். இரண்டு மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு விலங்கின் வாயிலிருந்து நீர் பீய்ச்சும். உச்சி வேளையில் பன்னிரண்டும் சேர்ந்து பீய்ச்சும். வடிவமைத்தவர் இத்தாலியப் பாதிரியார் காஸ்திலியோனே. நீர் விசையைக் கவனித்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் பெனுவா.

1860இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் அந்த அரண்மனையைக் கொள்ளையடித்தன. தலைகள் நாடு நாடாகச் சிதறின. எலித் தலையும் முயல் தலையும் 2009இல் பாரிசில் ஏலத்துக்கு வந்தபோது சீனாவே கொந்தளித்தது. 2013இல் அவை சீனாவுக்குத் திரும்பின. மணி காட்டிக்கொண்டிருந்த விலங்குகள், பறிபோன பிறகுதான் ஒரு நாட்டின் மானத்துக்குச் சின்னமாயின. இது எங்களுடையது என்று சொல்ல ஆள் வந்ததும் எலிக்கும் முயலுக்கும் கூடக் கொடிக்குரிய மரியாதை கிடைத்துவிட்டது.

காரைக்காலில் பறந்த கொடிகள்

1860இல் பீக்கிங்கில் பறந்த அதே பிரெஞ்சு மூவண்ணம்தான் அப்போது காரைக்காலிலும் பறந்தது. 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் இது. நடுவில் ஆங்கிலேயர் பிடித்து, 1817இல் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பியபோது ஏறியது மூவண்ணமில்லை. பிரான்சில் பூர்போன் மன்னர்கள் மீண்டும் அரியணையில் இருந்ததால் வெள்ளைக் கொடிதான் ஏறியது. 1830 புரட்சிக்குப் பிறகுதான் மூவண்ணம் திரும்பியது.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒரு விலங்கு உண்டு, சேவல். லத்தீனில் 'கால்லுஸ்' என்றால் சேவல் என்றும் பொருள், பிரான்சின் பழங்குடியான கால் இனத்தவன் என்றும் பொருள். அந்தச் சிலேடையில் பிறந்த சின்னம் அது. 1804இல் அதைப் பேரரசின் சின்னமாக்கலாம் என்ற யோசனை வந்தபோது நெப்போலியன் ஏற்காமல் கழுகைத் தேர்ந்தெடுத்தான். 1830இல் தேசியக் காவல் படையின் கொடிகளில் சேவல் இடம் பிடித்தது. 1899 முதல் 20 பிராங்க் பொற்காசிலும் நின்றது. காரைக்கால்காரருக்குச் சேவல் என்றால் என்ன நினைவுக்கு வரும்? முருகன்தானே! ஒரே பறவைதான், ஆனால் இரண்டு வீட்டுக்காரர்கள்.

1954 நவம்பர் 1ஆம் நாள் மூவண்ணம் இறங்கி இந்தியக் கொடி ஏறியது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. பின்னர் 2007இல் புதுச்சேரி அரசு தனக்கென்று சின்னங்களை அறிவித்தது. விலங்கு அணில், பறவை குயில், மரம் வில்வம், பூ நாகலிங்கம். புலியும் சிங்கமும் சின்னமாக இருக்கும் உலகத்தில் அணிலைத் தேர்ந்தெடுத்த அரசு! சின்ன ஊருக்குச் சின்ன விலங்கு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சேதுவுக்கு மணல் சுமந்த அணிலின் கதையைக் கேட்டு வளராத தமிழ்க் குழந்தை குறைவு. யாரும் சொல்லிக் கொடுக்காமலே மக்களுக்குப் பொருள் விளங்கும் சின்னம் அது. இருந்தாலும் அறிவிப்போடு ஒரு சின்னம் வேர் விட்டுவிடாது. அணில் இன்னும் யாருடைய கையிலும் கொடியாக ஏறவில்லை.

கொடியாக ஏறுவது எது என்று பார்க்கத் திருநள்ளாறு போக வேண்டும். அங்கே கூட்டம் கூடுவது சனி பகவானுக்காக. அவருடைய வாகனம் காகம். ஆனால் கோயில் தர்ப்பாரண்யேசுவரருடையது. ஆகவே வைகாசிப் பெருவிழாவில் ஏறுவது ரிஷபக் கொடி. கொடிச்சீலையில் எருதை எழுதி, வீதி சுற்றி எடுத்துவந்து, பூசை செய்து, கொடிமரத்தில் ஏற்றுகிறார்கள். எத்தனை லட்சம் பேர் காகத்தைத் தேடி வந்தாலும் கொடியின் உரிமை மாறுவதில்லை.

காசாக்குடி முத்திரையில் இருந்த அதே விலங்குதான் இது. பல்லவர் போனார்கள், சோழர் போனார்கள், மராட்டியர் போனார்கள், பிரெஞ்சுக்காரரும் கப்பலேறினார்கள். அரசனின் முத்திரையில் இருந்த எருது அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. ஆண்டுதோறும் புதுச் சீலையில் புதிதாக எழுதப்படும் எருது மட்டும் இன்றும் வேலையில் இருக்கிறது. பன்னிரண்டு விலங்குகளுக்குக் கொடி வரைய நினைப்பவர்கள் கோடும் வண்ணமும் எடுக்கும் முன், அதை ஆண்டுதோறும் ஏற்றப் போகிறவர் யார் என்று முதலில் யோசித்துக்கொள்வது நல்லது.