ஹராஜுகு தெரு உடைப் பண்பாடு

ஹராஜுகு தெரு உடைப் பண்பாடு என்பது ஜப்பானின் தலைநகர் டோக்கியோவில், ஷிபுயா வட்டத்தைச் சேர்ந்த ஹராஜுகு பகுதியில் 1970களிலிருந்து இளைஞர்களிடையே உருவாகி வளர்ந்த உடுத்தும் முறைகளைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். பொதுவாக ஒரு புதிய உடைப் பாணி மேலிருந்து கீழே வரும். வடிவமைப்பாளர் வரைவார், நிறுவனம் தைக்கும், இதழ்கள் படம் போடும், மக்கள் வாங்கி உடுத்துவார்கள். ஹராஜுகுவில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடந்தது. பதின்ம வயதினர் தாங்களே தைத்தும், பழைய துணிகளை ஒட்டவைத்தும் உடுத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்கு வந்தனர். இதழ்களும் கடைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தன. பின்னர் வெளிநாட்டு இளைஞர்களும் பின்தொடர்ந்தனர்.

சீருடையும் தெருவும்

இப்பண்பாட்டைப் புரிந்துகொள்ள ஜப்பானியப் பள்ளிச் சீருடையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். மாணவர்களின் கழுத்துவரை பொத்தானிட்ட கருநிறச் சீருடை ஐரோப்பியப் படைவீரர் உடையைப் பின்பற்றியது. மாணவியரின் சீருடை கடற்படை மாலுமிகளின் உடையைப் பின்பற்றியது. பல பள்ளிகளில் முடியின் நிறம், பாவாடையின் நீளம், காலுறை ஆகியவற்றுக்கும் விதிகள் உண்டு. பள்ளி முடிந்து அலுவலகத்தில் சேர்வோருக்கு அங்கும் எழுதப்படாத ஒரு சீருடை காத்திருக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை உடை என்பது ஓர் இளைஞர் தம் விருப்பப்படி தோன்றக்கூடிய சில மணி நேரங்களுக்கான உடையாக இருந்தது.

இந்த உரிமைக்கு எதிர்ப்பும் இருந்தது. 1964இல் கின்சா பகுதியின் மியுகித் தெருவில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைப் போல உடுத்திய இளைஞர்கள் கூட்டமாக நிற்கத் தொடங்கினர். அவர்களுக்கு 'மியுகி-சோகு', அதாவது மியுகிக் கூட்டத்தார், என்று பெயர் வந்தது. கென்சுகே இஷிசு என்பவர் நிறுவிய 'வேன்' நிறுவனம் பரப்பிய 'ஐவி' பாணியே அவர்களுக்கு முன்மாதிரி. சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய 'மெட்ராஸ்' கட்டம்போட்ட பருத்தித் துணிக்கும் அந்தப் பாணியில் இடம் உண்டு. அவ்வாண்டு அக்டோபரில் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடக்கவிருந்தன. வெளிநாட்டு விருந்தினர் முன் நகரம் ஒழுங்காகத் தோன்ற வேண்டும் என்று கருதிய காவல்துறை, செப்டம்பரில் அந்த இளைஞர்களை வளைத்துப் பிடித்து அப்புறப்படுத்தியது. அவர்கள் செய்த குற்றம் சட்டை அணிந்த விதமும் தெருவில் நின்றதும்தான்.

ஹராஜுகு உருவான விதம்

ஹராஜுகு தொடர்வண்டி நிலையம் 1906இல் திறக்கப்பட்டது. அருகிலுள்ள மெய்ஜி ஆலயம் 1920இல் நிறுவப்பட்டது. ஆலயத்துக்குச் செல்லும் மரங்கள் சூழ்ந்த அகன்ற சாலையே ஓமோதேசாந்தோ. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதன் அருகில் அமெரிக்கப் படையினரின் குடும்பங்களுக்காக 'வாஷிங்டன் ஹைட்ஸ்' என்ற குடியிருப்பு எழுந்தது. அக்குடும்பங்களை நம்பிக் கடைகள் தோன்றின. ஒலிம்பிக்கின்போது அந்த நிலம் விளையாட்டு வீரர்களின் தங்குமிடமாகி, 1967இல் யோயோகிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மியுகிக் கூட்டத்தாரை விரட்டக் காரணமான அதே ஒலிம்பிக், அடுத்த தலைமுறை இளைஞர்களுக்கு ஒரு பூங்காவை விட்டுச் சென்றது.

நிழற்படக் கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் இப்பகுதியில் அறை எடுத்துப் பணிபுரியத் தொடங்கினர். 1970இல் 'மில்க்' என்ற சிறிய உடைக்கடை திறந்தது. 'அன்அன்' (1970), 'நொன்னோ' (1971) ஆகிய மகளிர் இதழ்கள் ஹராஜுகுவின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. 1978இல் 'லாஃபோரே' என்னும் பல்கடை அங்காடி தொடங்கப்பட்டது.

வாகனமில்லா ஞாயிறு

1977 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் யோயோகிப் பூங்காவை ஒட்டிய சாலையில் வாகனங்கள் நிறுத்தப்பட்டு, நடப்போருக்கு மட்டும் சாலை திறந்துவிடப்பட்டது. ஜப்பானியர் இதனை 'நடப்போர் சொர்க்கம்' என்ற பொருளில் அழைத்தனர். கட்டணம் இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. இப்பண்பாட்டின் வரலாற்றில் எந்தக் கடையைவிடவும் முக்கியமானது இந்தச் சாலையே.

இங்கு முதலில் புகழ்பெற்றவர்கள் 'தாகெனோகோ-சோகு' என்ற ஆட்டக் குழுக்கள். தாகெனோகோ என்றால் மூங்கில் குருத்து. தாகேஷிதா தெருவில் அப்பெயரில் இருந்த கடையே இப்பெயருக்குக் காரணம். பளபளக்கும் மலிவான துணியில் தைத்த தொளதொள உடைகளை அணிந்து, ஒலிநாடாப் பெட்டியைச் சுற்றி வட்டமாக நின்று அவர்கள் ஆடினர். 1980களில் இசைக்குழுக்களும் அச்சாலையை நாடின.

பல கிளைகள்

வெளிநாடுகளில் 'ஹராஜுகு பாணி' என்று ஒருமையில் சொல்லப்பட்டாலும், உண்மையில் அது பல பாணிகளின் தொகுப்பாகும்.

'லோலிட்டா' பாணி பழைய ஐரோப்பாவின் சீமாட்டிகளையும் குழந்தைகளையும் நினைவூட்டுவது. மணி போல் விரியும் பாவாடை, சரிகை வைத்த மேற்சட்டை, தலையில் ரிப்பன் ஆகியவை இதன் அடையாளங்கள். நபோக்கோவின் நாவலின் பெயரை இது நினைவூட்டினாலும், ஆண்களின் பார்வைக்காக உடுத்துவதில்லை என்பதே இதனை அணிவோரின் நிலைப்பாடு. கைகால்களை மூடும் இவ்வுடை அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. 'டெகோரா' பாணியில் கிளிப்புகள், மணிகள், பொம்மைகள் உடல் முழுவதும் அடுக்கப்படும்.

அடுத்த தொடர்வண்டி நிலையமான ஷிபுயாவில் 'கியாரு' பாணி வளர்ந்தது. மாணவியர் பள்ளிச் சீருடையையே எடுத்துக்கொண்டு பாவாடையைக் குட்டையாக்கி, தளர்ந்து மடியும் காலுறைகளை அணிந்து, முடிக்குப் பழுப்புச் சாயம் ஏற்றினர். வெள்ளைத் தோலே அழகு என்ற மரபை மறுத்துத் தோலைக் கருக்கவைத்துக் கொண்டோரும் உண்டு. ஹராஜுகுவின் உட்சந்துகளில் ஆண்களுக்கான மற்றொரு பாணி பிறந்தது. நிகோ, ஜுன் தகாஹாஷி ஆகிய இருவரும் 1993இல் அங்கு 'நோவேர்' என்ற கடையைத் திறந்தனர். நிகோவின் 'எ பேதிங் ஏப்' பனியன்கள் குறைந்த எண்ணிக்கையில் மட்டும் விற்கப்பட்டதால் வரிசையில் நின்று வாங்கும் வழக்கம் ஏற்பட்டது.

வெளிநாடுகளில் வரவேற்பு

ஹராஜுகுவை உலகம் அறியச் செய்ததில் நிழற்படக் கலைஞர் ஷோயிச்சி அவோகிக்குப் பெரும் பங்குண்டு. அவர் 1997இல் 'ஃப்ரூட்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு ஒரு முழு உருவப் படம், அதன் அருகில் அந்த இளைஞரின் வயது, தொழில், உடைகள் கிடைத்த இடம். இவ்வளவுதான் அதன் அமைப்பு. தொழில்முறை மாதிரிகள் அதில் இல்லை. உடை கிடைத்த இடமாகப் பழைய துணிக்கடையும், சில வேளைகளில் தம் கையால் தைத்தது என்பதும் குறிக்கப்பட்டன. கிமோனோவின் இடைக்கச்சையைக் கிழிந்த ஜீன்சுடன் சேர்த்து அணிந்த படங்களை அதில் காணலாம். இப்படங்களின் தொகுப்பு 2001இல் ஆங்கில நூலாக வந்தபின் பல நாட்டு மாணவர்களின் கைகளை அடைந்தது.

இந்த ஈர்ப்புக்குக் காரணங்கள் பல. அனிமே, மாங்கா மூலம் ஜப்பானிய உருவங்கள் பிள்ளைகளுக்கு முன்பே பழகியிருந்தன. இணையம் தொலைவில் இருந்த ஒத்த விருப்பமுடையோரைச் சேர்த்துவைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, விலையுயர்ந்த உடை இல்லாமலேயே ஒருவர் தனித்துத் தோன்றலாம் என்பதை அப்படங்கள் காட்டின. ஜப்பானிய நிறுவனங்களின் உடைகள் அளவில் சிறியவை. அதனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் தாமே தைக்கக் கற்றுக்கொண்டனர். லோலிட்டா உடைகளுக்குப் பெயர்பெற்ற 'பேபி, த ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்' நிறுவனம் 2007இல் பாரிசில் கடை திறந்தது. ஐரோப்பாவைக் கற்பனை செய்து தைத்த உடை ஐரோப்பாவுக்கே விற்பனைக்கு வந்தது.

விமர்சனங்களும் எழுந்தன. அமெரிக்கப் பாடகி குவென் ஸ்டெஃபானி 2004இல் 'ஹராஜுகு கேர்ள்ஸ்' என்ற பெயரில் நான்கு நடனப் பெண்களைத் தம்முடன் மேடையேற்றினார். அப்பெண்கள் பின்னணி அலங்காரமாகவே நிறுத்தப்பட்டனர் என்று ஆசிய அமெரிக்கர் பலர் கண்டித்தனர். மறுபுறம், ஒரு காலத்தில் இத்தகைய இளைஞரை விரட்டிய அரசின் போக்கும் மாறியது. ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் 2009இல் மூன்று இளம்பெண்களைக் 'கவாயி' தூதர்களாக அமர்த்தியது. கவாயி என்பதற்கு அழகுக் குட்டித்தனம் என்று பொருள் கொள்ளலாம். அவர்களில் ஒருவர் லோலிட்டா உடையிலும், மற்றொருவர் பள்ளிச் சீருடைப் பாணியிலும் நாடுகளுக்குச் சென்றனர்.

தேய்வும் இன்றைய நிலையும்

1998இல் வாகனமில்லா ஞாயிறு ஹராஜுகுவில் முடிவுக்கு வந்தது. நெரிசல், இரைச்சல், குப்பை ஆகியவை பற்றிய புகார்கள் எழுந்திருந்தன. அதே ஆண்டில் 'யூனிக்லோ' ஹராஜுகுவில் கடை திறந்தது. 2008இல் 'எச் அண்ட் எம்' வந்தது. மலிவான ஆயத்த உடைகள் பெருகின, வாடகை உயர்ந்தது, சுற்றுலாப் பயணிகள் குவிந்தனர். 2017இல் 'ஃப்ரூட்ஸ்' இதழ் நின்றது. படம் எடுக்கத்தக்க உடை அணிந்த இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதே அவோகி கூறிய காரணம். 1924இல் கட்டப்பட்ட மரத்தாலான நிலையக் கட்டடம் 2020இல் அகற்றப்பட்டது.

இதனால் இப்பண்பாடு அழிந்துவிட்டது என்று கூற இயலாது. இன்றும் லோலிட்டா உடை அணிவோர் பல நாடுகளில் தேநீர் விருந்துகளுக்காகக் கூடுகின்றனர். 'எ பேதிங் ஏப்' நிறுவிய நிகோ 2021இல் பாரிசின் 'கென்சோ' நிறுவனத்தின் கலை இயக்குநராக அறிவிக்கப்பட்டார். ஆயினும் இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஹராஜுகுவின் உடைகளை உலகமெங்கும் விற்க முடிந்தது. அவற்றைப் பிறப்பித்த சாலையை விற்க முடியவில்லை. பணம் செலவழிக்காமல் நிற்கவும், ஒருவரையொருவர் பார்க்கவும், தவறாக உடுத்திப் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் இளைஞர்களுக்கு அங்கு 21 ஆண்டுகள் ஓர் இடம் இருந்தது. அந்த இடம் மூடப்பட்ட பிறகும் உடைகள் சில காலம் வாழ்ந்தன. ஆனால் புதியவை பிறக்கும் வேகம் குறைந்தது.