ஒலிபரப்பும் உரையாடலும்: பண்ணை வானொலி மன்றங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வெகுசனத் தொடர்புச் சாதனங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். எந்த ஆண்டில் எக்கருவி தோன்றியது, அதன் ஒலி எவ்வளவு தூரம் சென்றது என்பன விரிவாகக் கூறப்படுகின்றன. அக்கருவியின் முன் அமர்ந்திருந்தோருக்கு மறுமொழி கூறும் உரிமை இருந்ததா என்ற வினா எழுப்பப்படுவது அரிது. ஒருவர் பேசப் பலர் கேட்பது ஒலிபரப்பு. கேட்டவர் பேசுபவராகவும் பேசியவர் கேட்பவராகவும் மாறி மாறி அமைவது உரையாடல். இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாடு கருவியில் அன்றிச் சமூக உறவிலேயே தங்கியுள்ளது என்பது எமது கருத்து. வானொலியின் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு முயற்சியை ஆதாரமாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

வானொலி பிறப்பிலேயே ஒருவழிச் சாதனமாக இருந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆர்வலர் பலர் தாமே கருவிகளை அமைத்துத் தம்முள் செய்தி பரிமாறினர். அவர்களிடத்து அனுப்புவோன், பெறுவோன் என்ற பிரிவினை இருக்கவில்லை. 1912 ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை 200 மீற்றருக்கு மேற்படாத அலைநீளங்களுக்குள் ஒதுக்கியது. 1920 நவம்பர் 2 ஆம் திகதி பிற்ஸ்பேர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் சனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. 1922 இல் நியூயோர்க்கின் டபிள்யூ.ஈ.ஏ.எவ். நிலையம் விளம்பரத்துக்காக நேரத்தை விற்கத் தொடங்கியது. கேட்பதற்கு மட்டும் உதவும் பெட்டி சந்தைக்கு வந்தது, கேட்போர் நுகர்வோராயினர். 1925 இல் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியபோது இங்கு அதனை நடத்தியது வணிக நிறுவனமன்று, குடியேற்ற அரசின் தந்தித் திணைக்களமே. எனினும் கேட்போரின் நிலையில் மாற்றமெதுவும் இருக்கவில்லை. வானொலியை விநியோகக் கருவி என்ற நிலையிலிருந்து இருவழித் தொடர்புக் கருவியாக மாற்றவேண்டும் என்று ஜேர்மானிய நாடகாசிரியர் பேர்டோல்ட் பிரெக்ட் 1932 இல் வாதிட்டமை இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது.

பிரெக்ட் கோரியது கருவியின் மாற்றத்தை. கருவியை மாற்றாமலே உறவை மாற்ற முயன்ற நிகழ்ச்சி கனடாவில் இடம்பெற்றது. அங்கு நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928 இல் நிறுவிய விரிவாக்கத் துறை, மீனவரிடையேயும் சுரங்கத் தொழிலாளரிடையேயும் சிறு கற்கை வட்டங்களை அமைத்து, அவற்றினூடாகக் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்திருந்தது. அயலவர் சிலர் கூடித் தமது வாழ்க்கைப் பிரச்சினையை ஆராயும் இம்மரபு நாட்டில் ஏலவே வேரூன்றியிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1941 இல் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், வளர்ந்தோர் கல்விச் சங்கம், விவசாயக் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் இணைந்து தேசியப் பண்ணை வானொலி மன்றத்தைத் தொடங்கின. 'வாசி, கேள், கலந்துரையாடு, செயற்படு' என்பது அதன் சுலோகமாயிற்று.

அதன் செயன்முறை எளிமையானது. குளிர்காலத்துத் திங்கட்கிழமை இரவுகளில் அயற் குடும்பத்தினர் ஒரு வீட்டிற் கூடுவர். முன்னரே அனுப்பப்பட்ட சிறு பிரசுரத்தை வாசித்திருப்பர். அரைமணி நேர நிகழ்ச்சியைக் கேட்டபின் வானொலியை நிறுத்திவிட்டு விவாதிப்பர். முடிவுகளை எழுதி மாகாண அலுவலகத்துக்கு அனுப்புவர். அவற்றின் சாரம் மீண்டும் ஒலிபரப்பில் இடம்பெறும். உச்ச காலத்தில் ஏறக்குறைய 27,000 பேர் இவ்வாறு கூடினர். இங்கு முக்கியமானது வானொலி நிறுத்தப்பட்ட பின்னர் நிகழ்ந்ததேயாகும்.

இம்முறை ஆசியாவிற் பரீட்சிக்கப்பட்டது 1956 இல். யுனெஸ்கோவின் துணையுடன் அகில இந்திய வானொலி, அன்றைய பம்பாய் மாநிலத்தின் 5 மாவட்டங்களைச் சேர்ந்த 150 கிராமங்களில் மன்றங்களை அமைத்தது. மராத்தி மொழியில் 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. பம்பாயின் ராற்றா சமூக விஞ்ஞான நிறுவகம் விளைவுகளை மதிப்பிட்டது. மன்றம் இயங்கிய கிராமங்களில் மக்களின் அறிவு பெரிதும் உயர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத கிராமங்களிலோ உயர்வு அற்பமானதாகவே இருந்தது. ஒரே ஒலி, ஒரே மொழி, ஒரே கருவி; கூடிப் பேசும் வட்டமே வேறுபாட்டை உண்டாக்கியது.

ஆயினும் இம்முயற்சியை இலட்சியப்படுத்துதல் வரலாற்றுநெறி ஆகாது. கிராமம் என்பது ஒத்த நலன்களையுடைய ஓர் அலகன்று. நிலவுடைமையாளரும் நிலமற்ற கூலியாளரும் ஒரே பாயில் அமரலாம்; எனினும் மறுநாட் கூலிக்கு அவரையே நாடவேண்டியவர் முதல்நாள் இரவில் எவ்வளவு தூரம் மறுத்துரைப்பார்? உரையாடலுக்கு வட்டம் சிறிதாயிருத்தல் அவசியம். அது மட்டுமே போதியதன்று. 1959 முதல் இந்தியா முழுவதற்கும் இம்மன்றங்கள் விரிவாக்கப்பட்டபோது எண்ணிக்கை பெருகியது. முதற் பரீட்சையின் நெருக்கமான கவனிப்புப் பெருகவில்லை. கனடாவில் தொலைக்காட்சியின் வருகையும் கிராமிய மக்கட்டொகையின் வீழ்ச்சியும் மன்றங்களைத் தளர்த்த, 1965 இல் அவை முடிவுற்றன.

எமது நாட்டிலும் இவ்வினா எழுந்தது. 1981 இல் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் உதவியுடன், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் மகாவலிச் சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. தயாரிப்பாளர் குடியேற்றக் கிராமங்களிலே தங்கி மக்களின் குரல்களைப் பதிவுசெய்தனர். 1989 இல் கொத்மலையில் நிலையம் உருவாயிற்று. 1999 இல் அங்கு இணையமும் இணைக்கப்பட்டு, நேயர் கேட்ட வினாக்களுக்கு விடை தேடி வானொலியிற் கூறப்பட்டது. இவை போற்றத்தக்க முன்னேற்றங்களே. ஆனால், நிலையம் அரசின் கூட்டுத்தாபனத்துக்கு உரியதாக இருக்கையில், பயிர்நோய் பற்றி வினவும் உரிமை பெற்ற குடியேற்றவாசிக்கு, அக்குடியேற்றத் திட்டத்தையே வினவும் உரிமை கிட்டியதா? நேயரின் குரலைப் பதிவுசெய்தல் வேறு, அக்குரலுக்கு மறுமொழி கூறும் கடப்பாட்டை ஏற்றல் வேறு.

இன்று பிரெக்ட் வேண்டிய கருவி ஏறக்குறைய ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. இணையவழிச் சிறு குழுக்களில் யாவரும் பேசலாம். எனினும் அங்கும் சிலர் அனுப்பப் பலர் பார்த்துச் செல்லும் வழக்கமே மிகுந்து காணப்படுகிறது. பேசும் வசதி பரவலானபோதிலும் மறுமொழி கூறும் கடப்பாடு பரவலாகவில்லை. திங்கட்கிழமை இரவுகளிற் கூடிய அக்கமக்காரர்களுக்கு மூன்று விடயங்கள் இருந்தன: ஒருவரையொருவர் அறிந்திருந்தமை, பேச்சின் விளைவைச் சேர்ந்து அனுபவிக்கவேண்டியிருந்தமை, தம் முடிவு உரியவரைச் சென்றடையும் என்ற நம்பிக்கை. இம்மூன்றும் எந்தக் கருவியோடும் இலவசமாக வருவனவல்ல. அவற்றை உருவாக்குவது மக்கள் அமைப்புகளின் பணி. எமது வாசிகசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஒருகாலத்தில் இப்பணியைப் பல ஊர்களில் ஆற்றின. அவற்றின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வது எம்முன் உள்ள அடுத்த கடமை எனலாம்.