மாடி அறையும் மானிய நெல்லும்

கி.பி. 640 வாக்கில் ஒரு சீன மாணவர் காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏறுவது அவர் திட்டம். யோக சாத்திரத்தில் தேர்ந்த பெரியவர்கள் இலங்கையில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். காஞ்சியின் துறையிலிருந்து மூன்று நாள் கடல் பயணம் என்று அவர் சீடர் எழுதிய வரலாறு சொல்கிறது. அந்தத் துறை மாமல்லபுரம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆனால் அவர் கப்பல் ஏறவில்லை. இலங்கையில் மன்னர் இறந்து, பஞ்சமும் குழப்பமும் சூழ்ந்ததால் முந்நூறுக்கும் மேற்பட்ட பிக்குகள் அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டார்கள். காஞ்சியில் அவர்களைச் சந்தித்துத் தன் ஐயங்களைக் கேட்டார். தன் ஆசிரியர் சொல்லித் தந்ததற்கு மேல் அவர்களிடம் எதுவும் கிடைக்காததால் வடமேற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்.

அவர்தான் யுவான் சுவாங். செங்கல்பட்டில் வரலாற்று ஆசிரியையாக இருக்கும் நான் இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “இத்தனை வருசம் அவர் சாப்பாட்டுக்கு என்ன பண்ணாரு, மிஸ்?” என்று கேட்டாள். எங்கள் கரையின் வரலாற்றையே வேறு பக்கத்திலிருந்து படிக்க வைத்த கேள்வி அது. எந்த அரசன் எந்தக் கோட்டையைப் பிடித்தான் என்பது கல்வெட்டில் இருக்கிறது. தூர தேசத்திலிருந்து படிக்க வந்த பிள்ளைக்கு யார் சோறு போட்டார்கள், எங்கே பாய் விரித்தார்கள் என்பதும் அதே கல்வெட்டுகளில் இருக்கிறது. தேடிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

யுவான் சுவாங் 629 வாக்கில் அரசாங்க அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் புறப்பட்டவர். பாலைவனத்தில் தண்ணீர்ப் பையைத் தவறவிட்டுச் சாகும் நிலைக்குப் போனார். வழியில் துர்பான் பகுதியின் அரசர் அவரைத் தன்னோடே வைத்துக்கொள்ளப் பார்த்தார். இவர் உண்ணாமல் இருந்து அடம் பிடித்ததும் மனம் மாறி, இருபது வருடத்துக்குக் காணும் என்று பொன்னும் வெள்ளியும் பட்டும் கொடுத்து, வழியிலுள்ள அரசர்களுக்குக் கடிதங்களும் எழுதித் தந்தார். அந்தப் பணத்தைவிட அந்தக் கடிதங்களே அவருக்கு அதிகம் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். வழியில் அவர் கள்ளர்களிடம் பொருளைப் பறிகொடுத்ததும் உண்டு. கங்கையில் கொள்ளையரிடம் சிக்கி உயிரே போகவிருந்தது. பொருள் போனாலும் படிப்பு நிற்கவில்லை. அவர் தங்கிப் படித்த நாலந்தா மடத்தில் நாள்தோறும் உயர்ந்த ரக அரிசியும் பாக்கும் சாதிக்காயும் கற்பூரமும் அளந்து கொடுத்தார்கள். மடத்துக்கு விடப்பட்ட ஊர்களின் வருவாய் அது. எங்கிருந்தோ வந்த ஒரு சீனருக்காக மகத நாட்டு உழவர்கள் நெல் விளைவித்தார்கள்.

நாலந்தாவில் அவருக்குப் பாடம் சொன்னவர் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர். அந்தத் தர்மபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். அமைச்சர் வீட்டுப் பிள்ளை. திருமணம் நிச்சயமான நிலையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துறவியாகி, வடக்கே போய் நாலந்தாவின் தலைவராக உயர்ந்தார். நம் ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு நாலந்தா இடம் கொடுத்தது. அவர் கற்பித்தது சீலபத்திரர் வழியாக ஒரு சீன மாணவரிடம் போய்ச் சேர்ந்தது. அந்த மாணவர் நடந்தே வந்து தன் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊரைப் பார்த்தார். காஞ்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட மடங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதி வைத்தார். 645இல் அவர் சீனா திரும்பியபோது உடன் போனவை 657 நூல்கள்.

மடங்களில் விருந்தினரை எப்படி நடத்தினார்கள் என்று அடுத்த தலைமுறைச் சீனத் துறவி இத்சிங் எழுதியிருக்கிறார். 671இல் கடல் வழியாகப் புறப்பட்டவர் அவர். புதிதாக வந்த பிக்குவை எதிர்கொண்டு வரவேற்பார்கள். களைப்பு தீரும்வரை முதல் ஐந்து நாள் நல்ல சாப்பாடு. பிறகு மடத்தில் உள்ளவர்களோடு ஒருவராகச் சேர்த்துக்கொள்வார்கள். தன்னைப் போல் இந்தியாவுக்குப் படிக்க வந்தவர்களின் வரலாற்றையும் இத்சிங் தனி நூலாக எழுதினார். வழியிலேயே நோயில் விழுந்து இறந்தவர்கள் அதில் பலர். அவர் தன் நாட்டு மாணவர்களுக்குச் சொன்ன யோசனை இன்றைக்கும் பொருந்தும்: நேரே இந்தியாவுக்குப் போகாதீர்கள், வழியிலுள்ள ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு வருடம் தங்கி முறைகளைப் பழகிக்கொண்டு போங்கள்.

பிக்குகளுக்கு மடம் என்றால், வேதம் படிப்பவர்களுக்குக் காஞ்சியில் கடிகை என்ற கல்விக்கூடம் இருந்தது. நான்காம் நூற்றாண்டில் இன்றைய கர்நாடகத்துத் தாளகுண்டாவிலிருந்து மயூரசர்மன் என்ற இளைஞர் தன் குருவோடு அங்கே படிக்க வந்தார். பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட தகராறில் அவமானப்பட்டு, படிப்பை விட்டு வாளை எடுத்து, கதம்ப அரசை நிறுவினார். தாளகுண்டாக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. வெளியூர் மாணவரை அவமானப்படுத்தினால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

சோறு எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ளச் சோழர் காலத்துக்கு வர வேண்டும். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்லூரியில் 340 மாணவர்கள். தொடக்கநிலை மாணவருக்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல், மேல்படிப்பு மாணவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. எங்களுக்கு இன்னும் பக்கத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திரன் காலத்துக் (1063–1070) கல்வெட்டு ஒன்று நீளமாக ஓடுகிறது. வேதமும் இலக்கணமும் ஆகமமும் படிக்கும் மாணவர்கள் உட்பட அறுபது பேருக்குச் சாப்பாடு. படுக்கப் பாய், இரவில் விளக்கு, சனிக்கிழமை தலை முழுக எண்ணெய். உடம்புக்கு வந்தால் பார்க்க ‘வீரசோழன்’ என்ற ஆதுலர்சாலை. அதில் பதினைந்து படுக்கைகள். மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என ஒவ்வொருவருக்கும் கூலி எழுதியிருக்கிறது. தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி என்று மருந்துப் பட்டியலும் இருக்கிறது.

அந்தச் சுவர் முன் நிற்கும்போது சனிக்கிழமை எண்ணெய் என்ற இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிடும். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு என்னென்ன தேவைப்படும் என்று தாயைப் போல் யோசித்த யாரோ ஒருவர் அந்தக் கணக்கை எழுதியிருக்கிறார். ஆனால் என் மாணவர்களிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வேன். அந்த விடுதியில் வேதம் படித்தவர்கள் பிராமண வீட்டுப் பிள்ளைகள். அந்த நெல்லை நட்டு அறுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே பாய் கிடையாது. சோறு தாராளமாக இருந்தது; வாசல் குறுகலாக இருந்தது.

வாசல் அகலமாக இருந்த காலத்தை நான் மாமல்லபுரத்தில் பார்த்து வளர்ந்தேன். 1960களின் கடைசியில் ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் வழியாகப் பஸ்ஸிலும் ரயிலிலும் இந்தியா வரத் தொடங்கினார்கள். 1979இல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை என்று அந்தத் தரைவழி அடைபட்டது. அதற்குள் எங்கள் ஊர்ப் பெயர் அவர்களிடையே பரவியிருந்தது. 1981இல் லோன்லி பிளானட் இந்தியாவுக்கென்று கையேடு வெளியிட்டது. 1984இல் யுனெஸ்கோ எங்கள் கோயில்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒத்தவாடைத் தெருவில் மீனவர் வீடுகளும் சிற்பிகள் வீடுகளும் மாடியில் கொட்டகை போட்டு வாடகைக்கு விட்டன.

எங்கள் வீட்டிலும் மாடியில் ஓர் அறை இருந்தது. ஒரு கயிற்றுக் கட்டில், கொசு வலை, குளிக்கக் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி. யாராவது வந்து தங்கினால் பாஸ்போர்ட்டைப் பார்த்து சி ஃபார்ம் பூர்த்தி செய்து போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். அது என் வேலை. நான் ஆங்கிலம் எழுதப் பழகியது அந்தப் படிவத்தில்தான். “படிக்கிற புள்ளைன்னா வாரக் கணக்குல வாங்கு, நாள் கணக்குல வாங்காத” என்று அம்மா அப்பாவிடம் சொல்வார். அர்ச்சுனன் தபசை வரைவதற்கென்றே ஜப்பானிலிருந்து வந்த ஒரு மாணவர், காசு தீர்ந்த பிறகு எங்கள் வீட்டு இட்லியிலும் மீன் குழம்பிலும் ஒரு மாதத்தை ஓட்டினார். அந்த மாதத்துக்கு அம்மா வாடகை கேட்கவில்லை. 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியில் சேர வெளியூர்களிலிருந்து வந்த நம் பிள்ளைகளும் அதே அறையில் தங்கியிருக்கிறார்கள். எந்த ஊர், எந்தச் சாதி என்று அம்மா யாரையும் கேட்டதில்லை.

ஆனால் அந்த வாசலுக்குப் பின்னால் மானிய நெல் இல்லை. எங்களுக்கும் வாடகைதான் வயிற்றுப்பாடு. நிலத்தின் விலை ஏறியது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது. மாடிக் கொட்டகைகள் இருந்த இடத்தில் ஏ.சி. லாட்ஜுகள் எழுந்தன. இன்று ஒரு ஏழை மாணவர் காலையில் பஸ் பிடித்து வந்து, சாயங்காலம் சென்னைக்குத் திரும்பிவிடுகிறார். சிற்பத்தை ஒரு மாதம் உட்கார்ந்து வரைய அவருக்கு இடமில்லை.

தூரம் போய்ப் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு அளந்து வைத்த சோறும் வேண்டும், யாரென்று கேட்காத வாசலும் வேண்டும். திருமுக்கூடல் முதலாவதைத் தந்தது, ஒத்தவாடைத் தெரு இரண்டாவதைத் தந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஒரு மாணவர் விடுதி எங்கள் கரையில் இன்னும் கட்டப்படவில்லை. கோயில்களுக்கு நிலம் இருக்கிறது, சுற்றுலாவில் வருமானம் இருக்கிறது, எப்படிச் செலவிடுவது என்பதற்குத் தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய கணக்கும் இருக்கிறது. வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகள் அங்கே பகுதிநேர வேலையும் பகிர்ந்த அறையுமாகக் காலம் தள்ளுகிறார்கள். அவர்களை அந்த ஊர்கள் அன்பாக நடத்த வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அப்படி எதிர்பார்ப்பவர்கள், நம் ஊருக்கு வரும் பிள்ளைக்கு முதல் ஐந்து நாள் சோறு போடக் கடமைப்பட்டவர்கள்.