ஊவா மலைப்பாதையும் லொறியின் கியர்ப் பெட்டியும்

பண்டாரவளைக்கு 1894-ஆம் ஆண்டில் வந்த புகையிரதம் பதுளையை அடைந்தது 1924-ஆம் ஆண்டில். இடையிலுள்ள சிறு தொலைவைக் கடக்க முப்பது ஆண்டுகள் சென்றன என்பதிலிருந்து ஊவா மலையின் இயல்பை ஓரளவு ஊகிக்கலாம். தெமோதரையில் இருப்புப்பாதை மலையைச் சுற்றி வளைந்து, தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் புகுந்து செல்கிறது. அவ்வளவு பாடுபட்டு வந்த புகையிரதமும் பதுளையோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று பரந்து கிடந்த தோட்டங்களுக்கு முதலில் மாட்டுவண்டியும் பின்னர் லொறியுமே துணையாயின. அரிசி மேலேறியதும் தேயிலைப் பெட்டி கீழிறங்கியதும் லொறியிலேதான்.

மலையில் லொறியின் உயிர்நிலை எஞ்சின் என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது கியர்ப் பெட்டியிலே இருக்கிறது. எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் அதற்கு வலிமை உண்டு. ஏற்றத்திலோ சக்கரம் மெதுவாகவே உருள முடியும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பவை பல்சக்கரங்களே. நான்கு கியர் கொண்ட பழைய லொறிகளில், முதலாம் கியரில் எஞ்சின் ஏறத்தாழ ஆறு ஏழு முறை சுழன்றால் பின்னே செல்லும் தண்டு ஒருமுறை சுழலும். வேகம் குறைந்த அளவுக்கு வலிமை பெருகும். இறக்கத்திலோ அதே கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தும் கடிவாளமாகும். பிரேக்கை மட்டும் நம்பி அப்புத்தளைச் சரிவில் பாரவண்டியை இறக்கத் துணிந்த சாரதி அறிவாளியல்லன்.

சறுக்கிப் பொருந்தும் பல்சக்கரங்களை 1890-களில் பிரான்சின் பனார் லெவாசோர் நிறுவனத்தார் மோட்டார் வண்டியில் அமைத்தனர். பற்கள் மோதாமல் வேகத்தை இணக்கிக் கொடுக்கும் சிங்க்ரோமெஷ் முறை 1928-இல் அமெரிக்காவின் கடிலாக் கார்களில் வந்தது. பார லொறிகளுக்கு அந்த வசதி வெகுகாலம் தாழ்த்தே கிட்டியது. ஆதலால் பழைய லொறிச் சாரதி கியரைக் குறைக்கும்போது கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சினின் வேகத்தைக் கூட்டி, காதினால் அளந்து பல்லோடு பல்லைச் சேர்க்க வேண்டியிருந்தது. அளவு தவறினால் பெட்டி அலறும். ஒவ்வோர் அலறலிலும் சிறிது எஃகு தேய்ந்து எண்ணெயில் கலக்கும்.

இங்ஙனம் தேய்ந்த பெட்டியைச் செப்பனிடுவது 1960-களில் பெருஞ் சிக்கலாயிற்று. நாட்டில் அந்நியச் செலாவணி அருகியது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 1970 முதல் 1977 வரை அவை மிகவும் இறுகின. பெட்போர்ட் லொறிக்கு ஒரு பல்சக்கரம் வேண்டுமென்றால் பணம் இருந்தும் பொருள் இல்லை. தோட்டத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்போர் இருந்தனர். ஒற்றை லொறியை வைத்துப் பிழைத்தவனுக்கோ வீட்டு முற்றமே பட்டறை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வறண்டு வீசும் காலத்திலேதான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுகிறது. அப்போது வண்டி நின்றால் நட்டம் இரட்டிப்பாகும். பறித்த கொழுந்து சாக்கில் கிடந்து சூடேறினால் அந்த மணத்தை எந்தத் தொழிற்சாலையும் மீட்டுத் தராது.

முற்றத்து வேலை எளிதன்று. முதலில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் திண்ணிய மரக்கட்டைகளின் மேல் அமர்த்த வேண்டும்; மழையில் ஊறிய மலைமண்ணில் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். எண்ணெயை வடித்து, பின்தண்டைக் கழற்றி, பெட்டியைத் தாங்கிப் பிடித்து நேர் பின்னாக இழுக்க வேண்டும். அதன் பாரம் சிறிது நேரம் கிளச் தட்டில் தொங்கினாலும் தட்டு கோணிவிடும். மேல்மூடியைத் தூக்குகையில், கியரை அதனதன் இடத்தில் நிறுத்தும் சிறு எஃகுக் குண்டும் வில்லும் துள்ளி ஓடும். கீழே சாக்கை விரித்திருந்தால் தப்பும், புல்லில் விழுந்தால் அன்றைய பொழுது தேடுவதிலேயே போகும். கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவது வழக்கம். எழுத்தறியாதவருக்கும் அந்த வரிசையே புத்தகமாயிற்று. கீழ்த்தண்டின் ஊசி உருளைகளைக் கிறீசில் ஒட்டவைத்தே மீண்டும் பூட்ட முடியும்.

இறக்கத்தில் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுவதே மலைநாட்டில் அஞ்சத்தக்க குறை. தளர்ந்த வில், தேய்ந்த பெயரிங், கூர்மழுங்கிய பல் ஆகியவற்றுள் எதுவும் அதற்குக் காரணமாகலாம். வில்லை மாற்றுவது எளிது, பல்லே கடினம். முறிந்த பல்லை வெல்டிங் செய்து வளர்த்து, அரத்தால் அராவி உருவாக்கும் முறையைச் சிலர் கையாண்டனர். அதில் திறமை உண்டு, ஆயுள் இல்லை. பல்லின் கடினமெல்லாம் மேற்புறத்து மெல்லிய படலத்திலேதான் இருக்கிறது. வெல்டிங்கின் வெப்பம் அப்படலத்தை இளக்கிவிடும். புதிய சக்கரம் ஒன்றை மட்டும் வாங்கிப் பழையதோடு பூட்டுவதும் முழுத் தீர்வன்று. ஒன்றாகச் சுழன்றவை ஒன்றாகவே தேய்ந்திருக்கும். கைவிடப்பட்ட அதே இன லொறியிலிருந்து இரண்டையும் சோடியாக எடுத்துப் பூட்டியவரே நல்ல வேலைக்காரர். ஆகவே பழைய லொறியின் எலும்புக்கூட்டுக்கும் மதிப்பு இருந்தது.

1977-இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. யப்பானிய லொறிகளும் இந்திய லொறிகளும் பெருகின. சிங்க்ரோமெஷ் கியர் சாதாரணமாயிற்று. இருமுறை கிளச் மிதிக்கும் வித்தை மெல்ல மறையத் தொடங்கியது. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022-இல் நாட்டின் செலாவணி கையிருப்பே வற்றிப்போயிற்று. தடை தளர்ந்து தனியார் வாகனங்களும் மீண்டும் வரத் தொடங்கியது 2025-இன் தொடக்கத்திலேதான். அந்த ஐந்து ஆண்டுகளில் மலைப்பாதையில் ஓடியவை பெரும்பாலும் முன்பே நாட்டிலிருந்த வண்டிகளே. அவற்றுக்கு வேண்டிய சக்கரங்களைத் தேடுவோர் மறுபடியும் பழைய லொறிகளின் எலும்புக்கூடுகளையே நாட வேண்டியிருந்தது.